பதினோராம் கட்டம்

என் வீட்டுக்காரர் வன்னியராஜுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. சுவர் நிற்கும். இருபத்தாறு வருடமாகத் திருவனந்தபுரத்தில் பெயிண்ட் அடிக்கிறார். வலியசாலையில் எங்கள் தெருக்காரர்கள் எதிரே வந்து சிரித்தால், யாரென்று தெரியாமலே தலையை ஆட்டிவிட்டு அப்புறம் என்னிடம் கேட்பார். "மூணாவது வீட்டு வெங்கடேஸ்வரன் சார்" என்றால் பிடிபடாது. "கிச்சன் சுவத்துல ஈரம் கசிஞ்சு ஓதம் ஏறுமே, அந்த வீடு" என்றால்தான், "ஆமா, நல்ல மனுசன்லா" என்பார்.

பெண் பார்க்க வந்த அன்றே இந்தக் கூத்து ஆரம்பம். நாங்குநேரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பட்டுப்புடவை கட்டி, காப்பித் தட்டோடு நான் நிற்கிறேன். இவர் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெட்கப்படுகிறார் போல என்று என் சித்தி சொன்னாள். வெட்கமாவது ஒன்றாவது. எங்கள் அப்பாவிடம், "அந்த மூலையில பட்டி சரியா பாக்கல மாமா, ஆறு மாசத்துல உரியும்" என்றார். உரியத்தான் செய்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பா, மாப்பிள்ளை கெட்டிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பத்து வருடமாக நானும் அவரோடு வேலைக்குப் போகிறேன். உப்புத்தாளால் சுவரைத் தேய்ப்பது நான், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது அவர். ஆகவே இந்தக் கதையில் நடந்த பாவத்தில் சரிபாதி என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் என்னைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

எங்கள் ஒரே மகள் அனுஷா டிசைன் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வருடக் கடைசியில் மாணவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தீம் எடுத்து, அதை வைத்து ஏதாவது செய்து கண்காட்சி வைக்க வேண்டும். தீம் பாஸானால் கண்காட்சி, கண்காட்சி இருந்தால் மூன்றாம் வருடம். இல்லாவிட்டால் இரண்டாம் வருடத்தையே மறுபடி படிக்க வேண்டும். அனுஷா முதலில் கோலம் என்று எழுதிக் கொடுத்தாள். அவர்கள் டீச்சர் ஆஷா மிஸ், ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர், "எங்காத்து வாசல்ல தெனம் பாக்கறேன், வேற சொல்லு" என்று திருப்பிவிட்டார். இரண்டாவது மழை. மழை என்று ஏற்கெனவே நாலு பேர் கொடுத்திருந்தார்களாம். இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி. திங்கட்கிழமை கடைசி நாள்.

வீட்டில் பிள்ளை சாப்பிடாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றவர்களால் சும்மா இருக்க முடியுமா? இவர் வேலை பார்த்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, "நல்ல தீம் ஏதாவது இருக்கா சார்?" என்று விசாரித்தார். ஒரு டாக்டர் வீட்டம்மா, பெட்ரூமுக்கு லாவண்டரும் வெள்ளையும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுவந்து மகளிடம் பயபக்தியோடு நீட்டினார். அவள் சீட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஆற்றைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று அவளே சொன்னதால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறிக் கல்லாறுக்குப் போனோம். அவள் பாறைமேல் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடுகிறது. இவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டீக்கடையின் பின்சுவரையே அரை மணி நேரம் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, "மோளே, அது பாசி இல்ல கேட்டோ. உள்ளருந்து தண்ணி வருது. ஓதம்னு தீம் வச்சாக்க என்ன?" என்றார்.

"அப்பா, ஒண்ணு மிண்டாம இரிங்க" என்று அவர் வாயை அடைத்தாள் அவள். நோட்டில் ஒரு கோடுகூட விழவில்லை.

சனிக்கிழமை மாலை எங்கள் காண்டிராக்டர் செல்வகணேஷ் போன் செய்தார். மறுநாள் ஒரே நாளில் ஒரு காலேஜ் வராந்தாவுக்கு வெள்ளை அடிக்க வேண்டுமாம். எந்தக் காலேஜ் என்று கேட்டால், அனுஷாவின் காலேஜ். இவருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், திங்கட்கிழமை போய்ப் பார்த்து அசந்துபோகட்டும் என்று சொல்லிவிட்டார். அட்மிஷன் அன்றைக்கு ஆபீஸ் அறைவரை போனதோடு சரி, அதற்குமேல் நாங்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததில்லை.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கே வராந்தா முடிந்துவிட்டது. கை கழுவ வாட்ச்மேன் இரண்டாம் வருடத்து வகுப்பறையைத் திறந்துவிட்டார். உள்ளே போன மனுஷர் குழாய்ப் பக்கம் போகவே இல்லை. அப்படியே நின்றுவிட்டார்.

நீளமான சுவர் ஒன்று. பென்சிலால் கோடு போட்டு, பதினேழு கட்டமாகப் பிரித்து நம்பர் எழுதியிருந்தது. ஒரு கட்டத்தில் காப்பியை வீசி ஊற்றியிருந்தார்கள். இன்னொன்றில் கரி. ஒன்றில் தேங்காய் நாரைப் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒரு புண்ணியவான் பல் தேய்க்கிற பேஸ்டை அப்பி வைத்திருந்தான். பிள்ளைகள் படிக்கிற இடத்தை இப்படியா வைத்திருப்பார்கள்?

"ஏட்டி வடிவு, நம்ம பிள்ள இதுக்கு நடுவுல இருந்தா படிக்கா?" என்றார் இவர். "அதான் அவளுக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு."

வராந்தாவுக்குக் கொண்டுவந்த ப்ரைமரும் வெள்ளையும் மீதி இருந்தன. இந்தச் சுவர் எங்கள் கணக்கில் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். "எம் மகளுக்குச் செய்யுதேன்" என்றார். அதற்குமேல் என்ன பேச? சுரண்டினேன், ஈரத்துணியால் துடைத்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அந்தக் காப்பிக் கறை மட்டும் என் உயிரை வாங்கிவிட்டது. அவரும் சேர்ந்து தேய்த்து, ப்ரைமர் ஒரு கோட்டு, வெள்ளை ஒரு கோட்டு. ஆறு மணிக்கு அந்தச் சுவர் பாலாடை மாதிரி நின்றது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தோம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அனுஷா போன் செய்தாள். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. மூன்று வாரமாக எல்லோரும் தங்கள் தீம்களை அந்தச் சுவரில் செய்து செய்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எந்தப் படுபாவியோ எல்லாவற்றையும் வெள்ளை அடித்துவிட்டானாம். "என்னோடதும் போச்சம்மா" என்றாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். படுபாவி பக்கத்தில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது.

ஒரு ஆட்டோவைப் பிடித்து ஓடினோம். வகுப்பறையில் பதினேழு பிள்ளைகளும் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆஷா மிஸ் நடுவில் நின்று, எல்லாருக்கும் இரண்டு வாரம் கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அனுஷாவின் கண் வீங்கியிருந்தது. ஆனால் இரண்டு வாரம் என்று கேட்டதும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பெற்றவளுக்குத் தெரியாதா? ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது.

இவர் நேரே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நாந்தான் மிஸ் அடிச்சேன். அனுஷாவோட அப்பா. சுவரு ரொம்ப மோசமா கெடந்துது, அதான்."

ஆஷா மிஸ் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வராந்தா மட்டும்னுதானே சொல்லியிருந்தோம்" என்றார்.

"இதுக்குக் காசு வேண்டாம் மிஸ்" என்றார் இவர்.

சுஜின் என்று ஒரு பையன் எழுந்தான். "என்ட காப்பி" என்று மட்டும் சொல்லி மூக்கை உறிஞ்சினான். போட்டோகூடக் கிடையாதாம். போனைப் பார்த்துக் காப்பியடிப்பார்கள் என்று மிஸ் மூன்று வாரமாக எல்லார் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவாராம். முடிகிறவரை சுவரைப் பார்ப்பதில்லை என்று அவரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லையாம்.

"நாலாம் நம்பர்தானே மோனே?" என்றார் இவர். "ஒசரத்துல இருந்து வீசியிருக்க. எடது பக்கம் கட்டி, வலது பக்கம் தெளிப்பு. சீனி போட்ட காப்பி, அதான் பிடிச்சிக்கிட்டு. மூணு வாட்டி தேச்சும் போகல. நல்ல கறை."

பையன் அழுகையை நிறுத்தினான். மூன்று வாரத்தில் அவன் வேலையை அவ்வளவு உன்னிப்பாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆஷா மிஸ் நெருங்கி வந்தார். "மத்ததும் ஞாபகம் இருக்கா? சொல்லுங்கோ."

அவ்வளவுதான். இவருக்குக் கேட்க வேண்டுமா? வெறும் வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு இடமாகக் கையை வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்றாம் நம்பர் கரி, விரலால் இழுத்தது, இழுத்தவருக்கு இடதுகைப் பழக்கம். ஆறில் நார், பசை காய்வதற்குள் அவசரப்பட்டுவிட்டார்கள், தொட்டதுமே வந்துவிட்டது. ஒன்பதில் பேஸ்ட், அது இருந்த இடம் மற்றதைவிடப் பளிச்சென்று ஆகிவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்கள். சாய் என்ற பெண் தன் நம்பர் வந்ததும் கை தட்டினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தேய்த்ததில் பாதி நான்; ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை.

"பத்துல நீலம். அடியில நியூஸ்பேப்பர்" என்றார். அடுத்து பதினொன்று. அனுஷா ஏன் ஒரு அடி பின்னால் நகர்கிறாள் என்று பார்த்தேன். கட்டத்து நம்பர் அவர்கள் ரோல் நம்பர், அவளுடையது பதினொன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டி அவர் முழங்கையைக் கிள்ளினேன். அவர் முழங்கையில் இருபத்தாறு வருடத்து பெயிண்ட், எங்கே உறைக்கப்போகிறது?

"பதினொண்ணுல ஒண்ணும் கெடையாது மிஸ்" என்றார் நிம்மதியாக. "நல்ல சுத்தமான சுவரு. அங்க மட்டும் எங்களுக்கு வேலையே இல்ல."

ஆஷா மிஸ் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். "பதினொண்ணு யாரு?"

"நான் மிஸ்" என்றாள் அனுஷா.

இவர் கை சுவரிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"அப்போ காலம்பற எல்லாம் போச்சுன்னு அழுதது?" என்றார் மிஸ்.

"அழுதது நெசம் மிஸ். போனதுதான் பொய். எனக்கு மனசுல ஒண்ணும் வந்நில்ல. தெனமும் வந்து அந்தக் கட்டத்தைப் பாத்துட்டுப் போவேன்."

எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மகள் பொய் சொன்னாளே என்று ஒரு பக்கம், மூன்று வாரமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாளே என்று ஒரு பக்கம். இவரைப் பார்த்தால் அடித்துவிடுவேன் என்று தரையைப் பார்த்தேன்.

ஆஷா மிஸ் கத்தவில்லை. மற்றவர்களுக்கு இரண்டு வாரம், உனக்கு இன்று மூன்று மணிவரை, தீம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அனுஷா அந்த வெள்ளைச் சுவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். "அப்பா, ஒண்ணாம் நம்பரை மறுபடி சொல்லுங்க. முன்ன சொன்னது மாதிரியே."

சொன்னார். அவள் அதை அந்த இடத்திலேயே, சுவரில், மலையாளத்தில் எழுத ஆரம்பித்தாள்.

"அடிச்சு ஒரு நாளு ஆகல மோளே" என்றார் இவர். "பேப்பர்ல எழுதேன்."

"சுவத்துலதான் எழுதணும்."

நான் இந்த மனுஷரோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவள். தகப்பன் செத்த அன்றுகூட அவர் முகம் அப்படி ஆனதில்லை. புது வெள்ளையில் பென்சில் ஓடுகிற ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. காப்பி, சீனி போட்டது, மூன்று தடவை தேய்த்தும் போகவில்லை. நார், அவசரத்தில் ஒட்டியது. எது எங்கே இருந்தது, எதை வைத்துத் தேய்த்தது, எவ்வளவு நேரம் பிடிவாதம் பிடித்தது எல்லாம் அந்தந்தக் கட்டத்தில் ஏறியது. இல்லாத பதினாறு படங்களும் அங்கே எழுத்தாக வந்து நின்றன. பிள்ளைகள் ஆளுக்காள் அளவுகோல் பிடித்துக் கொடுத்தார்கள்.

பதினொன்றில் அவள் யாரையும் கேட்காமல் எழுதினாள். எனக்கு மலையாளம் பஸ் போர்டு அளவுக்குத்தான் தெரியும், அதனால் வாசித்துக் காட்டினாள்: "இங்கே எதுவும் இருந்ததில்லை. என் அப்பா, பெயிண்டர் வன்னியராஜ், சாட்சி."

மூன்று மணிக்கு ஆஷா மிஸ் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை நடந்து வாசித்தார். பதினொன்றில் நின்று இன்னொரு தடவை வாசித்தார். தீம் என்ன என்று கேட்டார். "அழிச்சவருக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் அனுஷா. தீம் எழுதிக் கொடுக்கிற பாரத்தில் மிஸ்ஸின் கையெழுத்து விழுந்தது. கண்காட்சிவரை இந்தச் சுவரை யாரும் தொடக் கூடாது என்று இவரைப் பார்த்துத் தனியாக ஒரு தடவை சொன்னார்.

காலேஜ் வாசல் தாண்டி மூன்று பேரும் சிக்னல்வரை வந்தோம். அப்புறம் இவர்தான் ஆரம்பித்தார். "பதினொண்ணு உன்னோடதுன்னு முன்னமே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா மோளே."

"சொல்லியிருந்தா அங்க என்ன இருந்ததுன்னு மிஸ்கிட்ட சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், சிக்னலில் பச்சை விழுந்து சிவப்பும் விழுந்துவிட்டது. மகளுக்காக ஒரே ஒரு கறையையாவது கற்பனை செய்ய அந்த மனுஷர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"முடியாதுட்டி" என்றார் கடைசியில், குற்றம் செய்தவர் மாதிரி. "அங்க ஒண்ணும் இல்லையே."

அனுஷா நடுரோட்டில் நின்று சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.