ராஜவேல் சட்டையை வெட்டினவள்

ராஜவேல் சாரம் பகுதியில் இருந்த வீட்டை விட்டுப் போனபோது பைக் சாவியையும் செல்போன் சார்ஜரையும் மட்டும்தான் எடுத்துக்கொண்டான். சட்டைகளெல்லாம் பீரோவிலேயே தொங்கின. கோரிமேட்டில் வேறொருத்தியோடு அவன் குடித்தனம் நடத்துவது தெருவுக்கே தெரிந்த பிறகும், அவனைப் பெற்ற அஞ்சலாட்சி அந்தச் சட்டைகளைக் கைவிடவில்லை.

“ஆம்பள கோவத்துல போவான், வருவான். வரும்போது போட்டுக்கச் சட்டை வேணாமா? பூஞ்சை புடிச்சிடும். எடுத்துத் துவைச்சு இஸ்திரி போட்டு வெய்யி,” என்பாள் மருமகள் மேனகாவிடம்.

மேனகாவும் செய்தாள். ஸ்கேன் சென்டரில் நாளெல்லாம் டோக்கன் கொடுத்து, காத்திருப்பவர்களிடம் ஏச்சு வாங்கி வீடு திரும்பி, யாரும் போடாத சட்டைகளை அலசிக் காயவைத்தாள். வீடு அவளுடையது. பஞ்சாலையில் உழைத்து அவள் அப்பா கட்டியது. அந்த வீட்டிலேயே நின்றுகொண்டு, ஓடிப்போனவன் காலருக்கு இஸ்திரி போடுகிறோமே என்று ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். வாயைத் திறந்தால் தெருவே கூடிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் செய்தான். மாதக்கணக்காகப் பேசாதவன். நல்லாயிருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

“வர்ற வெள்ளிக்கிழம அரிகிருஷ்ணன் பொண்ணுக்குக் காது குத்தல் இல்ல? அந்த நீலக் கட்டம் போட்ட சட்டைய அவன்கிட்ட குடுத்தனுப்பு. இஸ்திரி போட்டுக் குடு.”

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அரிகிருஷ்ணன் மேனகாவின் கொழுந்தன், நல்ல பிள்ளை. அவனைத் தூது ஆக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இஸ்திரி போட்டுக் குடு என்றானே, அதுதான் பொறுக்கவில்லை. பீரோவைத் திறந்தாள். எல்லாச் சட்டைகளையும் வாரிக் கட்டிலில் வீசினாள். கத்தரிக்கோலை எடுத்து, நீலக் கட்டம் போட்ட சட்டையின் காலரை ஒரே வீச்சில் அறுத்தாள்.

இரண்டாவது வெட்டு விழவில்லை. துணி நல்ல துணி. அவள் சம்பளத்தில், போன தீபாவளிக்கு அவளே தேடி எடுத்தது. கிழித்துப்போட்டால் அவனுக்கு ஒரு சட்டை போகும். எனக்கு இன்னா கிடைக்கும்?

தையல் மெஷினின் மூடியைத் திறந்தாள். கோபம் தணியவில்லை. ஆனால் கை நிதானத்துக்கு வந்தது. பிளேடால் தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சட்டையில் பெரிய துணி முதுகுப் பக்கம்தான். வெள்ளைச் சட்டை, சாம்பல் சட்டை இரண்டின் முதுகையும் சேர்த்து, தனக்கென்று தைக்கப்போகும் டாப்ஸுக்குக் கீழ்ச்சுற்று எடுத்தாள். நீலக் கட்டத்தில் உடம்பு. பட்டன் பட்டியைப் பிரிக்காமல் முன்னால் அப்படியே விட்டாள். பெண்கள் உடுப்பில் பட்டன் இடப்பக்கம் இருக்கும்; இது ஆம்பிளைச் சட்டை, வலப்பக்கம் வந்தது. வரட்டும். அக்குளில் நைந்த இடத்தை வெட்டி எறிந்து, வேறு சட்டையின் முழுக்கையைக் குறைத்து வைத்தாள். பேனா மை கசிந்த பாக்கெட்டை எடுக்கலாமா என்று யோசித்தாள். எடுக்கவில்லை. அவள் மிதித்த மிதியில் மெஷின் கடகடவென்று அதிர்ந்தது.

கோயிலுக்குப் போயிருந்த அஞ்சலாட்சி வந்து பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“உயிரோட இருக்கறவன் சட்டைய வெட்டுவாளா ஒருத்தி? நீ வெளங்குவியாடி?”

“வெட்டினது சட்டையத்தான் அத்தே. உங்க புள்ளைய இல்ல.”

ரெட்டியார்பாளையத்துக் கல்யாண மண்டபத்துக்கு வெள்ளிக்கிழமை அதையேதான் போட்டுக்கொண்டு போனாள். சொந்தக்காரப் பெண்கள், “எந்தக் கடையில எடுத்த?” என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ராஜவேல் புதுச் சட்டையில் விறைப்பாக வந்தான். பந்தியில் உட்காரப் போனவன் அவளைப் பார்த்தான். கண் பாக்கெட்டில் நின்றது.

“இது என் சட்டை.”

“ஆமா.”

“எல்லாத்தையுமா வெட்டிட்ட?”

“மிச்சத்துல அடுப்படிக்குக் கரித்துணி தச்சிருக்கேன். வேணும்னா அரிகிட்ட குடுத்தனுப்பறேன். இஸ்திரி போட்டு.”

அவன் முகம் கறுத்தது. “எவ்ளோ திமிரு இருந்தா, எங்கம்மாவ வீட்ல வெச்சிக்கிட்டே...”

அதுவரை அவனை நீங்க என்றே சொல்லிப் பழகிய வாய், இப்போது அந்த மரியாதையை உதறிவிட்டது.

“அம்மா ஞாபகம் இருக்குதா உனக்கு? சட்டைக்கு ஆள் அனுப்பற, அம்மாவுக்கு அனுப்புனியா? அவங்க மாத்திரை, டாக்டரு, அழுவ, பொலம்பல் எல்லாம் என் தலையில. இதோ நிக்கிறாங்க. இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போ!”

பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள். அஞ்சலாட்சி மகனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் ஆசை இருந்ததை மேனகா கவனித்தாள்.

ராஜவேல் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அங்க இடம் பத்தாதும்மா. அது சின்ன வீடு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பந்தி முழுக்கப் பரவியது. ராஜவேல் சாப்பிடாமல் எழுந்து, பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அம்மாவிடம் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது அஞ்சலாட்சி மெதுவாக அழுதாள். “இடம் பத்தாதாம்,” என்றாள் இரண்டு முறை. மேனகா ஜெயித்துவிட்டதாக மண்டபத்தில் நாலு பேர் அவள் காதில் கிசுகிசுத்திருந்தார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அவன் மேல் கோபம், சிரித்தவர்கள் மேல் கோபம், இத்தனை காலம் அவனுக்காகப் பேசிய இந்தக் கிழவி மேலும் கோபம். அரிகிருஷ்ணன் வீட்டிலேயே இருந்துக்குங்க என்று கிழவியிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. சொல்லாததற்குத் தன் மேலேயே கோபம்.

“இனிமே அவன் பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்க,” என்றாள்.

அஞ்சலாட்சி தலையாட்டினாள்.

அடுத்த வாரமே மேனகா வக்கீலைப் பார்த்து, விவாகரத்துக்கு மனுப் போட்டாள். அஞ்சலாட்சி தடுக்கவில்லை, எங்கே போகிறாய் என்றும் கேட்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவன் வராமல் இழுத்தடிக்கிறான்.