கதைகாவி

ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டுக்குக் காவித் திரிகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். அப்படிப்பட்ட நானே ஒரு கதையைக் காவினேன். இதை எழுதும்போதும் வாயில் ‘சீ’ என்றுதான் வருகிறது.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஒரு நரம்புக் கலம் அடுத்த கலத்துக்குச் செய்தி சொல்ல, நடுவிலுள்ள இடைவெளியில் செரற்றோனினைக் கொட்டும். செய்தி போய்ச் சேர்ந்த பிறகு அது அங்கேயே கிடக்கக்கூடாது. கொட்டிய கலத்தின் மென்சவ்வில் இருக்கிற காவிப் புரதம் வெளிப்பக்கம் வாயைத் திறந்து அதைப் பிடித்து, உள்ளே பாய நிற்கிற சோடியத்தின் இழுப்பிலேயே உள்ளே கொண்டுபோய் விடும். ‘காவி’ என்றதும் பின்வாங்குப் பிள்ளைகளிடம் சிரிப்பு எழும். எங்கள் பக்கத்தில் சனம் காவுவது தண்ணீரையும் கதையையும்தானே. ஓம், இதுவும் கதைகாவி மாதிரித்தான், ஆனால் எடுத்த வீட்டிலேயே திருப்பி வைக்கும் என்று நானும் பகிடி விடுவேன்.

அந்தக் காவியின் வேலையைத் தடுத்து, செரற்றோனினை இடைவெளியில் கொஞ்சம் கூடுதலாக நிற்கவைக்கும் குளிசையைத்தான் மனச்சோர்வுக்கு நான் தினமும் விழுங்குகிறேன். அதை மட்டும் வகுப்பில் சொன்னதில்லை. ஊரில் அதற்குப் பெயர் விசர்க் குளிசை, பைத்தியங்கள் விழுங்குவது. தெரிந்த முகங்களுக்குப் பயந்து மாங்குளத்தில் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய்த்தான் எடுப்பேன். பல்வலி என்று லீவு எழுதுவேன். ஒரு மனுசிக்கு எத்தனை பல்தான் வலிக்கும்!

ஒருநாள் வவுனியா மனநலக் கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் என் மாணவியின் தாய். மலைநாட்டிலிருந்து வந்து கனகராயன்குளத்துப் பக்கம் குடியேறிய குடும்பம். கூலிக்குக் கச்சான் கடலை பிடுங்கப் போகிறவர். “டீச்சர்” என்று சிரித்தார். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரிக் கிளினிக் கொப்பி. இவர் வாய் திறந்தால் விசர் பிடித்தவளிடம் யார் பிள்ளையைப் படிக்க விடுவார்கள்?

அடுத்த நாள் ஆசிரியர் அறையில் நான் முந்திக்கொண்டேன். “அந்தப் பிள்ளையின்ர அம்மா மனநலக் கிளினிக்குக்குப் போறாவாம்.” யாரோ சொல்லிக் கேட்டதுபோல அந்த ‘ஆம்’ வேறு. இனி அவர் என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் விசர்க்கதை என்று தள்ளிவிடுவார்கள் அல்லவா? அதை யோசித்துத்தான் சொன்னேன். அந்த மலைநாட்டுச் சனம் அப்படித்தான் என்று ஒருவர் இழுத்தார். நான் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒரு கிழமைக்குள் பிள்ளையின் மேசையில் யாரோ ‘விசரியின் மகள்’ என்று கீறிவிட்டார்கள். அவள் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்தினாள். தாய் குளிசையையே நிறுத்திவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். இருக்கக் கதிரை எடுத்துப் போட்டார். தலை சுற்றுகிறதாம், நித்திரை இல்லையாம். அவர் நிறுத்தியதும் நான் விழுங்குகிற அதே குளிசைதான். திடீரென்று நிறுத்தினால் காவிகள் எல்லாம் பழையபடி வேலையைத் தொடங்கும், உடம்பு தாங்காது, டொக்டரிடம் கேளாமல் நிறுத்தவே கூடாது, திங்கட்கிழமையே கிளினிக்குக்கு வாருங்கள், நானும் கூட வருகிறேன் என்று விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டினார். புரதத்தைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருந்தது. பிறகு ஒருமாதிரிச் சொல்லிவிட்டேன்.

“கதையைச் சொன்னது நான்தான்.”

“தெரியும் டீச்சர்” என்றார். “என்னை அங்க கண்டது நீங்கள் மட்டும்தானே. நானும் உங்களைப் பற்றிச் சொல்லியிருப்பன். உங்களை வேலையால நிப்பாட்டிப் போட்டா பிள்ளைக்கு உயிரியல் படிப்பிக்க வேற ஆளில்லை. அதுதான் சொல்லேல்ல.”

பிறகு, பிள்ளையைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பலாமோ என்று அனுமதி கேட்டார். என்னிடம்.