மனையில் போட்ட பனங்கொட்டை

செவிலிமேட்டில் நாங்கள் வாங்கிப்போட்ட காலி மனை ஒரு மரத்தையும் வாழவிட்டதில்லை. இரண்டு தென்னை, ஒரு கொய்யா, ஓசியில் கிடைத்த மாங்கன்று, எதுவும் சித்திரையைத் தாண்டவில்லை. போர்க்குழாயில் உப்புத் தண்ணீர். கோடையில் அதுவும் கிடையாது. குடம் குடமாகச் சுமந்து ஊற்றி எனக்கு இடுப்பு போனதுதான் மிச்சம்.

சீ, தண்ணீரே கேட்காத மரமாக வைத்துத் தொலைப்போம் என்று ஆவணியில் முசரவாக்கம் ஏரிக்கரைக்குப் போய் முப்பத்தாறு பனங்கொட்டை பொறுக்கி வந்தேன். வேலியோரம் வரிசையாகப் புதைத்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. பனை காய்க்கப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். இனி ஒரு வருஷம்கூட வீணாகக் கூடாது.

வீடு கட்டும் மனையில் பனையா என்று மாமியார் கத்துவார் எனப் பயந்து, "பனங்கொட்டை போட்டிருக்கேன் அத்தை" என்று மட்டும் மெல்லச் சொல்லிவைத்தேன். அவரோ முகமெல்லாம் சிரிப்பாக, "நல்லதும்மா" என்றார். தப்பித்தோம்டா சாமி என்று இருந்துவிட்டேன்.

மாசக்கணக்கில் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. பனை முதலில் கீழேதான் இறங்கும், ஓலை அப்புறம்தான் வரும் என்பது தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறிப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு எரிச்சலோடு திரும்புவேன். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்தாமலே, "இன்னாமா, தோப்பு எப்டி இருக்குது?" என்று கிண்டல் வேறு செய்வார். மார்கழிக் கடைசியில் ஒரு குழியில் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

போகியன்று பட்டுக் கடையில் வேலை முடிந்து, நல்ல பசியோடு வீட்டுக்கு வந்தேன். மாமியார் தட்டு நிறைய அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்து வைத்தார். உப்பும் மஞ்சளும் தூக்கலாக, சூடாக இருந்தது. நார் உரித்து நாலு தின்றேன். ஐந்தாவதை உரித்துக்கொண்டே, "மாவா இருக்குது அத்தை, எங்க வாங்கினீங்க?" என்றேன்.

"வாங்கறதா? நீ போட்டதுதாம்மா! வேலை வேலைன்னு ஓடிக்கினு கெழங்கு தோண்ட மறந்தே பூட்ட. விட்டா முத்தி நாராப் பூடும்னு காலையில ஆள் இட்டுக்கினு போயி தோண்டியாந்துட்டேன்."

"ஒண்ணுகூட விடலியா?"

"ஒண்ணு விடுவனா? தெருவுக்கே குடுத்தேன். எல்லாரும் உன்னத்தான் மெச்சிக்கினாங்க. வர்ற வருஷம் இன்னும் நெறையப் போடும்மா."

யாரைத் திட்டுவது? பனங்கொட்டை போட்டிருக்கேன் என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் பொங்கல் கிழங்குதான் ஞாபகம் வரும். மரத்துக்காக என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டவள் நான்தான். மாமியார் முகத்தில் அத்தனை சந்தோஷம். அந்த ஐந்தாவதையும் அவர் எதிரிலேயே தின்று முடித்தேன்.