புதன்கிழமைக் கூட்டத்து பஸ்லினா

பஸ்லினா ஒவ்வொரு டொக்டருக்கும் ஒவ்வொரு நேரம் சொல்கிறார். சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒன்பதேகால். ஸ்கேன் படம் பார்ப்பவருக்கு ஒன்பதரை. மருந்தும் கதிரும் கொடுக்கும் புற்றுநோய் நிபுணர் தியாகராஜாவுக்கு மட்டும் பத்து மணி. அவர் மட்டும்தான் சொன்ன நேரத்துக்கே வந்துவிடுவார். "எல்லாருக்கும் ஒரே நேரம் சொன்னா ஒத்தரும் ஒண்டா வர மாட்டாங்க" என்கிறார் பஸ்லினா. கண்டியிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில், புற்றுநோயாளிகளைப் பற்றி நிபுணர்கள் கூடி முடிவெடுக்கும் புதன்கிழமைக் கூட்டம் ஆறு வருடமாகப் பத்து மணிக்குத் தொடங்குவது இப்படித்தான்.

அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வரும் கிளார்க் அவர். மாத்தளை, நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் கடிதங்களைப் பைலில் சேர்ப்பார். ரிப்போர்ட் வராவிட்டால் ஆய்வுகூடத்துக்கு நேரிலேயே போய் நிற்பார், நின்றால்தான் தருவார்களாம். நோயாளி என்ற சொல் அவர் வாயில் வருவதில்லை. "நம்மட ஆள்" என்பார். கூட்டத்தில் மூலையில் இருந்து எழுதுவாரே தவிர, பேசமாட்டார்.

போன மாதம் பேசினார். மஹய்யாவையைச் சேர்ந்த பத்மாதேவி, மாநகர சபையில் தெரு கூட்டுபவர். மார்பில் கட்டி. சொன்ன நாளில் சத்திரசிகிச்சைக்கு வரவில்லை. பஸ்லினா போன் எடுத்து விசாரித்தார். ஒரே செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு கிளினிக்கில் நாள் குறித்த இரண்டு துண்டு கொடுத்திருந்தார்கள்: ஒன்று கட்டியை வெட்டி எடுக்க, மற்றது மருந்து ஏற்ற.

"ரெண்டு பேருமே பெரிய டொக்டருங்க" என்றாராம் பத்மாதேவி. "ஒருத்தர்கிட்ட போனா மத்தவர மதிக்காத மாதிரி ஆயிடும்ல. அதான் வீட்டுலயே இருந்துட்டேன்."

மூன்று வாரம் அப்படியே போயிருந்தது. பஸ்லினா அவரை அந்தப் புதன்கிழமையே வரச்சொல்லி நடையில் இருத்திவிட்டு, இரண்டு துண்டுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாதம் நடந்தது. உடனே வெட்ட வேண்டும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். கட்டி பெரிது, முதலில் மருந்தேற்றிச் சுருக்க வேண்டும் என்றார் தியாகராஜா. ஸ்கேன் படத்தைத் திரும்பப் பார்த்தார்கள். கடைசியில் முதலில் மருந்து, பிறகு வெட்டுவது என்று முடிவாயிற்று. பஸ்லினா எழுதிக்கொண்டார்.

"அடுத்த கிளினிக்கில நான் அவவிட்ட சொல்லிப்போடுறன்" என்றார் தியாகராஜா.

பஸ்லினா பேனையை மூடினார். "அவங்க வெளியதான் ஈக்கிறாங்க டொக்டர். ரெண்டு பேரும் சேந்து சொன்னா நல்லம்."

சத்திரசிகிச்சை நிபுணர் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழும்பினார்.

டொக்டர்கள் இருவரும் கதவைத் தாண்டுவதற்கு முன்பே பஸ்லினா நடைக்குப் போய், அவர்கள் உட்காரச் சுவரோரம் கிடந்த இரண்டு கதிரைகளை இழுத்து, பத்மாதேவிக்கு எதிரே இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போட்டார்.