நியார்கோவின் மணை

"என் நெஞ்சு மேல உக்காந்திருக்கிறது என் புருஷன். உனக்கு எங்கடி வலிக்குது?"

போமா இப்படிக் கத்தியது நாத்தனார் அச்சியாவிடம். அச்சியாவும் விடவில்லை.

"எந்திரிச்சா மணையைச் சாய்ச்சு வைக்கணும்னு பால்குடிக்குக்கூடத் தெரியும். நீ எங்கண்ணன் மணையை நிமித்தியே வச்சிருக்க. ஆவி வந்து உக்காராம என்ன பண்ணும்? அதான் உனக்கு நெஞ்சுவலி. செத்துத் தொலையப் போற அண்ணி!"

"போறேன். போயி அவருகிட்ட உன்னப்பத்தி நாலு வார்த்தை சொல்றேன்."

போமா அந்த மணையை வேண்டுமென்றேதான் சாய்க்கவில்லை. செத்துப்போன புருஷன் நியார்கோ வந்தால் நின்றுகொண்டா இருப்பார்? அவருக்கு ஒரு கால் நொண்டி.

அந்தக் காலால்தான் அவர்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். கானாவில் குமாசிப் பக்கம் மற்ற வீடுகளில் ஆண் உலக்கை பிடிப்பான், பெண் உரலடியில் உட்கார்ந்து, அவித்த மரவள்ளியை இடித்துச் செய்யும் ஃபூஃபூக் களியை உலக்கைக்கு அடியில் தள்ளிவிடுவாள். இங்கே போமா நின்று குத்துவாள். நியார்கோ மணையில் உட்கார்ந்து, உலக்கை மேலே போய் வருவதற்குள் மரவள்ளியைப் புரட்டிவிடுவார். சண்டை நாளில் உலக்கைக்கு வேகம் கூடும்.

"விரல எடுத்துரவா கிழவா?"

"எடு. ராத்திரி உனக்குத்தான் குறையும்."

அவர் செத்த பிறகு, அந்த மணையில் வேறு யாரையும் உட்கார விட அவளுக்கு மனசு வரவில்லை. குட்டை உலக்கையை வலக்கையில் பிடித்து, உடம்பை முறுக்கி, இடக்கையால் தானே புரட்டிக்கொண்டாள். சாயங்காலம் மணைக்கு முன்னால் ஒரு கவளம் வைப்பாள். மழை தொடங்கிய நாளில் இடது முலைக்கு மேலே சுருக்கென்றது. அப்புறம் அந்த வலி போகவே இல்லை. தும்மினால் வலி, புரண்டு படுத்தால் வலி. அவர் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். பயமில்லை, சந்தோஷம். நல்ல துணி ஒன்றைப் பெட்டியில் மேலாக எடுத்து வைத்தாள்.

சண்டை போட்ட மறுநாள் அச்சியா அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். நர்ஸ் ஒயர் ஒட்டிப் பார்த்தாள். பிறகு நெஞ்செலும்பும் விலா எலும்பும் சேருமிடத்தில் ஒரு விரலால் அழுத்தினாள். போமா வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"இந்த வலிதானேம்மா?"

"இதேதான். கையை எடுடி!"

"இதயம் நல்லாத்தான் அடிக்குது. இது எலும்பு சேர்ற எடத்துல பட்ட சுளுக்கு. தெனம் உலக்கையத் தூக்குனா எப்படி ஆறும்? ஒத்தையா குத்தாதீங்க, வெந்நி ஒத்தடம் குடுங்க. ஆற மாசக்கணக்காகும். ஆனா மார் அடைச்சு வேர்த்துக் கொட்டுச்சு, மூச்சு வாங்குச்சுன்னா ஓடி வந்துரணும்."

போமா துணியை இழுத்து மூடிக்கொண்டாள். "அப்ப அவரு இல்லியா?" என்றாள்.

"யாரும்மா?"

"யாருமில்ல."

வீட்டுக்கு வந்தும் ஒற்றையாகத்தான் குத்தினாள். வலி போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? படுக்கும்போது அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பாள். வலித்தால்தான் தூக்கம் வரும்.

ஒரு நாள் கை எழும்பவே இல்லை. அரைகுறையாகக் குத்தியதைக் கோழிச்சாற்றில் போட்டு வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை, கட்டி கட்டியாக மெல்ல வேண்டியிருந்தது. ஃபூஃபூவை அப்படியே விழுங்க வேண்டும், மெல்லுவது ஆடுதான் என்பார் நியார்கோ. கட்டி இருந்தால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். அவர் மணைக்கு முன்னால் இதை எப்படி வைப்பது?

வெறுங்கையோடு மணையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் கத்தினாள். "அச்சியா! நாளையிலேருந்து உன் மகன் குத்தட்டும். நீ வந்து தள்ளிவிடு."

அச்சியா அப்போதே வந்து நியார்கோவின் மணையில் உட்காரக் குனிந்தாள்.

"அதுல உக்காந்த, உலக்கை உரல்ல விழாது!"

"பின்ன தரையிலயா உக்காரச் சொல்ற?"

போமா மறுநாள் சந்தைக்குப் போய், அச்சியாவின் இடுப்பைக் கையால் அளந்து காட்டி, தச்சனோடு மல்லுக்கட்டி, இன்னொரு மணை வாங்கி வந்தாள். விலை எழுபது சீடிப் பணம்.