மாப்பிள்ளை கண்டுபிடித்த பீர்

முப்பது வருடம் நான் ஒரு பீர் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். காலையில் மற்றவர்கள் டீ குடிக்கும் நேரத்தில், முந்தின நாள் அடைத்த பாட்டில்களைத் திறந்து, முகர்ந்து, ஒரு வாய் குடித்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. கேட்டவர்களிடம் 'கெமிஸ்ட்' என்று சொல்லிவந்தோம். மகள் கல்யாணத்தின்போதும் அப்படித்தான்.

விஷயம் தெரிந்தபோது மாப்பிள்ளை கோபப்படவில்லை. அவருக்கு இளக்காரம்தான் வந்தது. பெங்களூரில் மூன்று வருடம் இருந்து, அங்கே ஓட்டலிலேயே காய்ச்சும் பீரைக் குடித்துப் பழகியவர். "நீங்க பாட்டில்ல அடைச்சது பீரே இல்ல மாமா. சோப்புத் தண்ணி," என்பார், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம் என்னையும் மகளையும் தி. நகரில் ஒரு ஓட்டலின் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். பீரை அங்கேயே காய்ச்சுகிறார்களாம். சுட்ட கறியும் உண்டு, காப்பியும் உண்டு. கீழே பாண்டி பஜாரில் ஜனங்கள் துணிப்பைகளோடு வெயிலில் நடந்துகொண்டிருந்தார்கள். மேலே பழைய மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு நாற்காலி என்றார்கள். முதுகு சாய இடமில்லை. ஒரு மூலையில் பீர் காய்ச்சுவதற்கென்று செம்பு நிறத்தில் இரண்டு பெரிய தொட்டிகள் நின்றன.

கறி ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் வந்தது. மேஜையில் வைத்துக் கூண்டைத் தூக்கியதும் புகை வெளியே வந்தது. மாப்பிள்ளை போன் எடுத்துப் படம் பிடித்தார். புகை அடங்கியபின் பார்த்தால் ஆறு துண்டு கோழி, மேலே ஜாம் மாதிரி ஏதோ தடவியிருந்தது. நான் காப்பி கேட்டேன். சோதனைச்சாலை பீக்கரில் கறுப்பாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பால் கேட்டதற்கு, "பால் விட்டா அந்தப் பழ வாசனை போயிடும் சார்," என்றான் பரிமாறியவன். புளித்த வாசனையைத்தான் பழ வாசனை என்கிறான் என்பது குடித்தபோது புரிந்தது.

பிறகு பீர் வந்தது. மாப்பிள்ளை கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடிக் குடித்தார். "இதான் மாமா பீர். பார்லி மட்டும்தான். வேற எதுவும் சேக்கறதில்ல. பின்னால லேசா தேன் தெரியுது பாருங்க."

நான் ஒரு வாய் குடித்தேன். தேனும் இல்லை, ஒன்றும் இல்லை. விழுங்கியபின் நாக்கில் தங்கியது நொய்யரிசியின் இனிப்பு. செலவு குறைய நாங்கள் பார்லியோடு நொய்யைச் சேர்ப்போம். அங்கேயே காய்ச்சி வடிகட்டாமல் தரும் பீர் கலங்கலாக இருக்கும். இதுவோ கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. அது எங்கள் தொழிற்சாலைச் சரக்கு. என் கையெழுத்தை நான் அடையாளம் காண்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கை கழுவுவதாகச் சொல்லி எழுந்து, அந்தத் தொட்டிப் பக்கம் போய் விரலால் தட்டினேன். டொக் என்றது. பலகை. மேலே தகடு ஒட்டியிருந்தார்கள். ஒரு நடுத்தர வயது சூப்பர்வைசர் வேகமாக வந்தார்.

"தட்டாத சார். உள்ள ஒண்ணும் கிடையாது, வெறும் ப்ளைவுட்டு."

"அப்போ பீர்?"

"பின்னாடி கேஸு கேஸா கீது. ஜாடில ஊத்தி எடுத்துக்கினு வருவோம். இதுவரைக்கும் யாரும் இன்னான்னு கேட்டதில்ல."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மாடியில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மேஜைக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை இரண்டாவது ஜாடி சொல்லியிருந்தார். மகள் தன் கிளாஸை மூக்கருகே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேலை முடிந்து வரும் என் சட்டையில் இந்த வாசனையோடு வளர்ந்தவள் அவள்.

"அப்பா, இது அதுதானே?"

"அதேதான்."

மாப்பிள்ளை சிரித்தார். தொட்டியைப் பற்றிச் சொன்னேன், நொய்யைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வயசானா நாக்குல ருசி மங்கிடும் மாமா. டாக்டரைக் கேட்டுப் பாருங்க," என்றார். பிறகு அந்தத் தொட்டியின் முன்னால் நின்று எங்களோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். நானும் நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம்.

வீட்டு வாசலில் மகள் முதலில் இறங்கினாள். கார் கதவைச் சாத்தும்போது அவரிடம், "நீங்க போய் இன்னும் ரெண்டு ஜாடி குடிச்சிட்டு வாங்க," என்றாள். அதையும் அவர் அந்தப் பீருக்குக் கிடைத்த புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் நண்பர்களை அங்கே கூட்டிப்போகிறார். போன வாரம் அவர்களில் ஒருவர் எனக்கு போன் செய்து பீரைப் பற்றிச் சந்தேகம் கேட்டார். "எங்க மாமனார் பெரிய பீர் கம்பெனில கெமிஸ்டா இருந்தவரு, அவரே இதுதான் பீருன்னு ஒத்துக்கிட்டாரு," என்று மாப்பிள்ளை எல்லோரிடமும் சொல்கிறாராம். அந்த ஆளிடம், நல்ல பீர்தான், தைரியமாகக் குடியுங்கள் என்றேன். பொய் இல்லை. முப்பது வருடம் அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.