முருகனிடம் கொடுத்துவிட்டு வந்த இன்ஹேலர்

முருகனைக் கூப்பிட்டுத்தான் பொழுது விடிகிறது என்று வாழ்கிற என் சொந்தங்களுக்கு, வடக்குப்பட்டிலிருந்து தனலட்சுமி எழுதுகிறேன். கிருத்திகைக்குக் கிருத்திகை நாம் கூடிப் பாடி முடித்ததும் யாராவது ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வது வழக்கம். என் முறை வந்தால் நான் பிரசாதம் எடுத்து வைக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். எனக்கு வாய் நீளம் என்று உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான். நான் செய்தது அப்படிப்பட்ட காரியம். பேச வராததால் எழுதிக் கொடுக்கிறேன்.

எனக்கு ஆஸ்துமா. இந்த ஒரு வார்த்தையை வெளியில் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆனது.

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன். வண்டிக்குள் வைக்கிற சின்னச் சின்ன போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கிற லைன். ஈயம் உருகும்போது மெல்லிசாக ஒரு புகை வரும். மற்றவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் பூனை கத்துவது மாதிரி சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை மெடிக்கல் செக்கப் வைப்பார்கள். ஃபார்மில் ஆஸ்துமா உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். இல்லை என்று டிக் அடிப்பேன். முன்பு ஒரு வருஷம் உண்டு என்று எழுதிய ஒருத்தியை அடுத்த கான்ட்ராக்டுக்குக் கூப்பிடவில்லை என்று பேச்சு. அது உண்மையா என்று கூட நாங்கள் யாரும் விசாரித்ததில்லை, பயந்துகொண்டோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் பாத்ரூமுக்குப் போய் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்து நிற்பேன். லைனுக்குள் சொந்தப் பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் இன்ஹேலரை நாப்கின் கவருக்குள் வைத்திருப்பேன். செக்யூரிட்டி அம்மா அதை மட்டும் பிரிக்க மாட்டார்.

போன ஐப்பசி மழையில் வியாதி முற்றிவிட்டது. படுத்தால் மூச்சு அடைக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் அப்படியே குந்திவிடுவேன். ஏழாவது படிக்கிற என் மகள் பள்ளிக்கூடம் போகாமல் என் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்று தினமும் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டிலிருக்கும் என் நாத்தனார் மல்லிகா போனில் வந்த ஒரு பேச்சைப் போட்டுக் காட்டினாள். நாற்பத்தெட்டு நாள் மூலிகை டீ குடித்தால் ஆஸ்துமா அடியோடு போய்விடும், ஆனால் இன்ஹேலரைத் தொட்டால் பலிக்காது என்று யாரோ ஒருவர் அடித்துச் சொன்னார்.

"தனம், அந்த பம்ப்ப பழகிட்டின்னா சாவுற வரைக்கும் அது உன்ன வுடாது. இந்த டீய குட்ச்சிப் பாரு, நான் போட்டுத் தரேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என்மேல் உயிரையே வைத்திருக்கிறவள். துளசி, தூதுவளை, சுக்கு, மிளகு, அதிமதுரம் எல்லாம் அவளே தேடி வாங்கி இடித்துக் கொடுத்தாள்.

டீ குடித்ததோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. கார்த்திகை மாதக் கடைசியில் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனேன். அவ்வளவு உயரமாக நிற்கிற அவன் முகத்தை அண்ணாந்து பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "முருகா, எனக்கு வேற எதுவும் வாணாம். மூச்சு மட்டும் குடு. தைப்பூசம் வரைக்கும் இத நான் தொடமாட்டேன். உன்ன மட்டும்தான் நம்பினுகிறேன்" என்று சொல்லிவிட்டு, இன்ஹேலரை எடுத்து உண்டியலில் போட்டேன். உடம்பு சரியாக வேண்டும் என்று நாம் வெள்ளியில் கண் மலர் போடுகிறோம், கை கால் செய்து போடுகிறோம் இல்லையா? நான் மருந்தையே போட்டேன். அதுதான் பெரிய பக்தி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஒரு கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

"இன்னாத்துக்கு அத அங்க போட்ட? வேற ஒண்ணு வாங்கியாரட்டா?"

"சாமிக்குக் குட்த்துட்டேன். நீ நடுவுல வாய வெக்காத" என்றேன்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே இருந்தது. மழை விட்டிருந்தது. காலையும் மாலையும் டீ குடித்தேன். சளி இளகியது. தொண்டைக்கு இதமாக இருந்தது. லைனில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்ளாத குறைதான். மார்கழிப் பனி இறங்கியதும் பழைய சத்தம் திரும்பி வந்தது. இரண்டு டம்ளரை நான்காக்கினேன். சத்தம் நிற்கவில்லை. சாமி சோதிக்கிறார் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் முத்துமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கத்துப் பெண், இங்கே ஹாஸ்டலில் தங்கி எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ்ஸில் நான் ஏறுவதற்கு முன்பே ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். எனக்குக் காற்று வேண்டும். அவள் கண்ணாடியைத் திறக்கவே விடமாட்டாள்.

"கொஞ்சம் தொற, காத்து வர்ட்டும்."

"வேண்டாங்க்கா, தூசி வருது."

"வந்தா இன்னா? அடிச்சிகினு வந்த பவுடரு கலைஞ்சிடுமா?"

அவள் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொள்வாள். மூன்று மாதமாக இதே சண்டை. மினுக்கி என்று அவளுக்கு நான் பெயர் வைத்திருந்தேன். பஸ்ஸில் பாதிப்பேர் அந்தப் பெயரில்தான் அவளைச் சொல்வார்கள். அந்தப் பாவமும் என்னுடையதுதான்.

என் வேண்டுதலின் முப்பதாவது நாள் போகி. எனக்குக் காலை ஷிஃப்ட். தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர் தெரியவில்லை. பனி பாதி, புகை பாதி. கோரைப்பாய், பழைய துணி என்று எல்லோர் வாசலிலும் எரிகிறது. யாரோ டயரையும் போட்டிருந்தார்கள். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் நெஞ்சு இறுகிவிட்டது. திரும்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகியன்று லீவு போட்டால் பொங்கல் லீவும் சேர்ந்து அடிபடும் என்று பஸ்ஸில் ஏறினேன். காலியாக இருந்தது முத்துமாரிக்குப் பக்கத்து சீட்டு மட்டும்.

ஒரகடம் போகிற வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. புகையில் யாராலும் வண்டியை எடுக்க முடியவில்லை. பஸ்ஸும் நின்றது. உள்ளே எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. அப்படியும் புகை வந்தது.

எப்படிச் சொல்வேன். மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விட முடியவில்லை. உள்ளே போனது அங்கேயே அடைத்துக்கொண்டு நின்றது. அடுத்த மூச்சுக்கு இடமில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வேர்த்துக் கொட்டியது. விரல் நகம் நீலமாக மாறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். கை தானாகப் பைக்குள் போய் அந்த நாப்கின் கவரைத் தேடியது. கவர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

மகளுக்குத் தலைகூடப் பின்னிவிடாமல் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது அதுதான் தோன்றியது. முருகா என்று கூப்பிடப் பார்த்தேன். வாயில் வரவில்லை. மனசுக்குள்கூட முழுசாக வரவில்லை. மு என்பதோடு நின்றுபோனது. செத்துவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது முத்துமாரி என் தோளைத் தொட்டாள். "எக்கா, உங்களுக்கு வீசிங் இருக்கா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? இல்லை என்று தலையை ஆட்டினேன். உயிர் தொண்டையில் நிற்கிறது, அப்போதும் பொய். அத்தனை வருஷப் பழக்கம்.

அவள் என் கழுத்தையே பார்த்தாள். கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழுந்ததாம். பிறகு சொன்னாள். "பொய் சொல்லாதீங்கக்கா. எனக்கும் இருக்கு."

தன் பைக்குள் கைவிட்டு ஒரு நாப்கின் கவரை எடுத்தாள். அதைப் பிரித்தாள். உள்ளே நீல நிற இன்ஹேலர்.

"மூச்ச முடிஞ்ச மட்டும் வெளிய விடுங்க. இப்ப இழுங்க. அப்படியே புடிச்சுக்கிடுங்க, விட்டுராதீங்க." குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லி, நிறுத்தி நிறுத்திக் கொடுத்தாள். நான்காவது முறைக்கு மேல் ஊசித் துவாரம் அளவுக்கு வழி கிடைத்தது. அவள் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். "அண்ணே, வண்டிய திருப்பி ஆஸ்பத்திரிக்கு விடுங்க. ஆஸ்துமா அட்டாக். எனக்குத் தெரியும், எனக்கும் உள்ளதுதான்." நான் காப்பாற்றி வைத்திருந்த அதே ரகசியத்தை அவளும் காப்பாற்றி வைத்திருந்தாள். எனக்காக அதை பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். தூசிக்குப் பயந்துதான் அவள் ஜன்னலை மூடியிருக்கிறாள். மினுக்கி என்று பெயர் வைத்த என் நாக்கை என்ன செய்தால் தகும்.

டிரைவர் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தபடியே வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆக்சிஜன் வைத்து, மாஸ்க் போட்டு மருந்தைப் புகைபோல உள்ளே விட்டார்கள். மத்தியானம்தான் எனக்குப் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டரம்மா கேட்டார். "மருந்த யாரு நிறுத்தச் சொன்னது?"

"சாமிக்கு வேண்டிக்கிட்டேம்மா."

"சாமி உன்கிட்ட அதக் கேட்டாரா?"

சாமி கேட்கவில்லை. நானாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இதைச் செய் என்று பேரம் பேசியிருக்கிறேன்.

மல்லிகாவின் டீயைப் பற்றியும் பயந்துகொண்டே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதே ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவுக்கு அனுப்பி அந்தப் பொடியைக் காட்டச் சொன்னார். "குடி, வேணாங்கல. தொண்டைக்கு நல்லா இருக்கும். ஆனா மருந்தோட சேத்துக் குடிக்கணும், மருந்துக்குப் பதிலா இல்ல" என்றார். தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலர் ஒன்று, அவசரத்துக்கு நீலம் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசமே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சித்தா டாக்டர் அதிமதுரத்தை மட்டும் தினம் வேண்டாம், பிரஷர் ஏறும் என்று குறைத்துக்கொடுத்தார்.

சாப்பாட்டையும் மாற்றினேன். ஷிஃப்ட் முடிந்து வந்து பரோட்டாவைத் தின்றுவிட்டு உடனே படுப்பேன். வயிற்றில் இருப்பது மேலே ஏறி வந்தாலும் மூச்சு இழுக்குமாம். இப்போது சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, நேரம் கழித்துத்தான் படுக்கிறேன். என்ன சாப்பிட்ட அன்றைக்கு இழுக்கிறது என்று நோட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்ததில் எனக்குக் கலர் கூல்டிரிங்கும் கேன்டீன் ஊறுகாயும் ஆகாது. உங்களுக்கு வேறாக இருக்கும். வாழைப்பழம் ஆகாது என்று ஊரே சொன்னது, எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

வேண்டுதல் பாதியில் உடைந்ததே, தெய்வக் குத்தம் ஆகிவிடுமோ என்று நடுங்கினேன். தைப்பூசத்தன்று வல்லக்கோட்டையில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் நின்றதும் ஒன்று புரிந்தது. நான் பாதி எழுத்தில் கூப்பிட்டதற்கே அவன் வந்திருக்கிறான். நான் வாய்க்கு வந்தபடி பேசிய பிள்ளையைத்தான் அனுப்பியிருக்கிறான். தைரியம் வந்தது. வேறு வேண்டுதல் வைத்தேன். இனி இந்த நோயைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன் என்றேன்.

பஸ்ஸில் முத்துமாரி கத்தியதில் எங்கள் இரண்டு பேர் விஷயமும் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. தைப்பூசம் முடிந்த மறுநாள் நானும் முத்துமாரியும் சேர்ந்தே போய் சூபர்வைசரிடம் சொன்னோம். அவர் என்னைப் புகை இல்லாத பேக்கிங்குக்கு மாற்றினார். இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொள்ள எழுதிக் கொடுத்தார். இந்த முறை கான்ட்ராக்டும் கிடைத்தது. அடுத்த முறை என்ன ஆகும் என்று தெரியாது. பயம் இருக்கிறது. ஆனால் மூச்சு இருக்கிறது, மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டுத்தான் தினமும் பஸ் ஏறுகிறேன்.

என் சொந்தங்களே, இந்தக் கம்பெனிகளுக்குப் போகிற எத்தனையோ பேர் என்னைப்போல ஒளித்துக்கொண்டு போவீர்கள். முருகனைக் கூப்பிடுங்கள். நிச்சயம் வருவான், நான் சாட்சி. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்ட பிறகு யாராவது தோளைத் தொட்டு, முடியவில்லையா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். நான் ஆட்டியதுபோலத் தலையை ஆட்டிவிடாதீர்கள்.